பழைய ரூபாய் நோட்டு சேர்க்க ஆசை, எதிலிருந்து தொடங்கலாம்?

திண்டுக்கல்பூட்டு

வணக்கம். இங்கே நாணயம் சேர்ப்பவர்கள்தான் அதிகம் என்று தெரிகிறது, ஆனால் எனக்கு மனம் போவது காகித நோட்டுப் பக்கம். நண்பன் ஒருவன் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட பத்து ரூபாய் நோட்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தான், அதிலிருந்து பைத்தியம் பிடித்த மாதிரி தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாதம் ஆயிரம், மிஞ்சிப்போனால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒதுக்க முடியும். எதிலிருந்து தொடங்குவது? என்னிடம் இருக்கும் நோட்டில் நடுவே ஒரு மடிப்பு, இடது ஓரத்தில் சின்னதாக இரண்டு ஓட்டை. கெட்டுப்போகாமல் இருக்க லேமினேஷன் போட்டு வைக்கலாமா? அப்புறம் 786 எண் உள்ள நோட்டு லட்சக்கணக்கில் போகிறது என்று நிறைய வீடியோ வருகிறதே, அது உண்மையா?

ஒத்தரூபா

தம்பி, முதலில் லேமினேஷன் கடைக்குப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் பசை உருகித் தாளின் நாருக்குள் இறங்கிவிடும், பிறகு தாளைக் கிழிக்காமல் பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே முடியாது. அதோடு சேகரிப்பாளர்கள் சந்தையில் அந்த நோட்டின் மதிப்பு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத்தனமாகப் பல வீடுகளில் நல்ல நல்ல நோட்டெல்லாம் இப்படித்தான் போயிருக்கிறது.

இடது ஓரத்து ஓட்டைக்குப் பயப்பட வேண்டாம். கட்டாக அடுக்கி ஊக்கு அடிப்பது நம் நாட்டு வழக்கம், நோட்டுக்கட்டில் ஸ்டேப்ளர் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொன்னதே 2001இல் தான். அதனால் பழைய இந்திய நோட்டில், புழக்கத்துக்கே வராமல் புத்தம் புதிதாக இருப்பதில்கூட, அந்த ஓட்டை இருக்கும். இருந்தால் இயல்பு, இல்லாவிட்டால் கொஞ்சம் கூடுதல் விலை, அவ்வளவுதான்.

உங்கள் நோட்டில் இருக்கும் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். ஜே.பி. டெய்லரா, சி.டி. தேஷ்முக்கா? ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1இல் தொடங்கினாலும் அதன் முதல் நோட்டு வந்தது 1938 ஜனவரியில், அதுவும் ஐந்து ரூபாய். பத்து ரூபாய் அடுத்த மாதம். முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித் அதற்குள் பதவியை விட்டுப் போய்விட்டார், அவர் கையெழுத்துப் போட்ட நோட்டே கிடையாது. டெய்லர்தான் முதல் ஆள்.

இனி எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்வி. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஒரு ரூபாய் நோட்டு. பழையது, அழகானது, அரியது என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒவ்வொன்று வாங்கிப் போட்டால் ஒரு வருடம் கழித்து ஆல்பத்தைத் திறந்தால் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. ஒரு வரிசையைப் பிடித்து அதை முடிக்க வேண்டும். ஒரு ரூபாயில் அதற்கு வழி இருக்கிறது. மற்ற நோட்டுகளை வெளியிடுவது ரிசர்வ் வங்கி, கவர்னர் கையெழுத்து இருக்கும். ஒரு ரூபாயை வெளியிடுவது மத்திய அரசு, அதில் நிதிச் செயலாளர் கையெழுத்து. சட்டப்படி அது நாணயத்துக்குச் சமம், அதனால் மற்ற நோட்டில் இருக்கும் ‘தருவதாக உறுதியளிக்கிறேன்’ வாசகம் அதில் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு ராஜா தலை போய் அசோகத் தூண் சிங்கம் வந்த முதல் நோட்டும் இந்த ஒரு ரூபாய்தான், 1949, கே.ஆர்.கே. மேனன் கையெழுத்து. அங்கிருந்து 1994இல் அச்சடிப்பதை நிறுத்தும் வரை பதினெட்டுப் பேர் கையெழுத்து. மேனன், அம்பேகாவ்ங்கர், எச்.எம். படேல், ஏ.கே. ராய், எல்.கே. ஜா, பூதலிங்கம், ஜகந்நாதன், ஐ.ஜி. படேல், எம்.ஜி. கவுல், மன்மோகன் சிங், மல்ஹோத்ரா, நரசிம்மம், பி.கே. கவுல், வெங்கிடரமணன், கோபி அரோரா, பிமல் ஜலான், சுக்லா, மாண்டேக் சிங் அலுவாலியா. 2015இல் மறுபடி வந்தபோது ராஜீவ் மெஹ்ரிஷி. இதில் பலர் பிறகோ முன்போ ரிசர்வ் வங்கி கவர்னராகவும் இருந்தவர்கள், ஆக மன்மோகன் சிங் கையெழுத்தை ஒரு ரூபாயிலும் பார்க்கலாம், நூறு ரூபாயிலும் பார்க்கலாம். எழுபதுகளுக்குப் பிந்தியவை உங்கள் கைக்கு எட்டும் விலையில் புதுத்தாளாகவே கிடைக்கும். ஐம்பதுகளுக்குப் போகப் போகப் பொறுமை வேண்டும், மேனனுக்குக் காசும் வேண்டும்.

நம்பர்நாகா

ஒத்தரூபா அண்ணன் சொன்னது சரி, ஆனால் எல்லாருக்கும் கையெழுத்து வரிசை பிடிக்கும் என்று சொல்ல முடியாது. நான் எண்ணுக்காகச் சேர்ப்பவன். 000001, 111111, 123456, முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கும் எண்கள், பிறந்த தேதி எண்கள். இதில் நல்ல விஷயம் என்னவென்றால் இன்று கடையில் வாங்கிய சில்லறையிலேயே தேடலாம். எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம் போட்ட நோட்டையும் எடுத்து வையுங்கள். அச்சில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாகக் கட்டில் வைப்பது அது, 2006இல் பத்து, இருபது, ஐம்பதில் தொடங்கியது. 786க்கும் உண்மையான ஆர்வலர்கள் இருக்கிறார்கள், அது வெறும் வதந்தி இல்லை.

ஒத்தரூபா

ஆர்வலர் இருப்பது உண்மை. லட்சம் என்பது பொய். எண் கடைசியில் 786 என்று முடியும் நோட்டு ஆயிரத்துக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும், ஒரு கட்டு பத்து ரூபாய் என்றால் நூறு நோட்டு, தொடர் எண்ணில் பத்துக் கட்டு எடுத்தால் ஒன்று நிச்சயம். அதைப் போய் யார் லட்சம் கொடுத்து வாங்குவார்? ஆறு இலக்கமும் சேர்ந்து 786786 என்று வந்தால் அது வேறு விஷயம், அதற்கும் அழுக்கில்லாத தாளாக இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்றகேஷியர்

இந்த 786 பேச்சு வந்ததால் சொல்லியே ஆக வேண்டும். ‘உங்கள் பழைய நோட்டை நாங்கள் வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள், ஜிஎஸ்டி கட்டுங்கள்’ என்று கேட்டால் அது மோசடி. ரிசர்வ் வங்கியின் சின்னத்தைப் போட்டே கடிதம் அனுப்புகிறார்கள். பழைய நோட்டு, நாணய விற்பனையில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை, யாரையும் கமிஷன் வாங்க நியமிக்கவும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. விற்பவன் பணம் கட்ட வேண்டும் என்று உலகத்தில் எந்த நேர்மையான வியாபாரியும் கேட்க மாட்டான். என் கவுண்டரில் நின்று இதற்காக அழுத பெரியவர்கள் முகம் இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று, இளைஞர்கள் நிறையப் பேருக்குத் தெரியாதது. 2016 நவம்பரில் செல்லாது என்று அறிவித்த பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளுக்கு 2017இல் தனிச் சட்டம் வந்தது. சாதாரணமாக ஒருவர் மொத்தம் பத்து நோட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. படிப்பு, ஆராய்ச்சி, சேகரிப்பு என்றால் இருபத்தைந்து வரை. அதற்கு மேல் பிடிபட்டால் பத்தாயிரம் ரூபாய் அல்லது அந்த நோட்டுகளின் முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம். கையெழுத்து வாரியாக, உள் எழுத்து (எண்ணின் பின்னணியில் அச்சிட்டிருக்கும் ஆங்கில எழுத்து) வாரியாகச் சேர்த்தால் இருபத்தைந்து சீக்கிரம் தாண்டிவிடும், கவனம். இரண்டாயிரம் ரூபாய் இந்தக் கணக்கில் வராது, அதைப் புழக்கத்திலிருந்துதான் எடுத்தார்கள், செல்லாது என்று சொல்லவில்லை.

காரைக்குடிவள்ளி

எனக்கு ஒரு ரூபாய் வரிசையில் அவ்வளவு ருசி இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பர்மா, மலாயா போகாத குடும்பம் குறைவு, அதனால் நான் சேர்ப்பது அந்தக் கடல் தாண்டிய நோட்டுகளை. திண்டுக்கல் தம்பி, உங்கள் மாத பட்ஜெட்டுக்கு இதைவிடத் தோதானது இல்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் பிடித்த ஒவ்வொரு நாட்டுக்கும் அந்த நாட்டுப் பணத்தின் பெயரிலேயே நோட்டு அடித்தார்கள். பர்மாவுக்கு ரூபாய், எழுத்து B. மலாயாவுக்கு டாலர், எழுத்து M. மலாயாப் பத்து டாலரில் வாழை மரம் இருக்கும், வாழைமர நோட்டு என்றே பெயர் ஆகிவிட்டது. பெரும்பாலானவற்றில் வரிசை எண்ணே கிடையாது, வெறும் எழுத்துதான், அதாவது எவ்வளவு அடித்தோம் என்ற கணக்கே வைக்காமல் அடித்துத் தள்ளினார்கள். 1945இல் ஜப்பான் தோற்றதும் ஒரே நாளில் வெற்றுத்தாள். பெட்டி நிறைய வைத்திருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவ்வளவு அடித்ததால்தான் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது, சில நூறு ரூபாயில் நல்ல தாளே வாங்கலாம்.

பர்மாவிலேயே இன்னொரு வகை உண்டு. போர் முடிந்து பிரிட்டிஷ் திரும்பி வந்தபோது, இந்திய ரிசர்வ் வங்கியின் ஆறாம் ஜார்ஜ் நோட்டிலேயே ‘பர்மா ராணுவ நிர்வாகம், பர்மாவில் மட்டும் செல்லும்’ என்று ஆங்கிலத்தில் மேலச்சு அடித்துக் கொடுத்தார்கள். தம்பியிடம் இருக்கும் பத்து ரூபாயின் உடன்பிறப்பு அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தக் காலமே கண் முன்னால் நிற்கும். ஆனால் மேலச்சு நோட்டை நம்பிக்கையான ஆளிடம் மட்டும் வாங்குங்கள், சாதாரண நோட்டில் பிற்பாடு அச்சடித்து ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு மடிப்பும் அழுக்கும் குறையாகத் தெரியாது. நாலு கை மாறிய நோட்டுதான் உண்மையில் வாழ்ந்த நோட்டு.

ஒத்தரூபா

வள்ளி அக்கா, இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் ஒத்துப்போக மாட்டேன். சொந்தக் குடும்பத்து நோட்டு என்றால் கிழிந்தாலும் பொக்கிஷம், அதில் இரண்டு பேச்சு இல்லை. காசு கொடுத்து வாங்குகிறவன் தாளின் நிலையைத்தான் பார்க்க வேண்டும். அதே எழுபதுகளின் ஒரு ரூபாய், சலசலக்கும் புதுத்தாளாக இருந்தால் ஒரு விலை, நாலாக மடித்துச் சட்டைப்பையில் திரிந்தது என்றால் முகமதிப்புக்கு மேல் யாரும் அதிகம் தர மாட்டார்கள். வயதைவிட நிலை முக்கியம் என்பது புதிதாக வருகிறவருக்கு முதலிலேயே தெரிய வேண்டும்.

காரைக்குடிவள்ளி

விற்பதற்காகச் சேர்த்தால் நீங்கள் சொல்வது சரி. நான் விற்கப்போவதில்லையே. புதுத்தாள் என்றால் அது வங்கிப் பெட்டியிலேயே தூங்கியது என்றுதான் அர்த்தம்.

திண்டுக்கல்பூட்டு

இரண்டு பேரும் சொல்வது புரிகிறது. கையெழுத்தைப் பார்த்தேன், தேஷ்முக். ஒரு சந்தேகம், மடிப்பை எடுக்க லேசாக இஸ்திரி போடலாமா? துணி மேலே விரித்து, மிதமான சூட்டில்? அப்புறம் நோட்டு எங்கே வாங்குவது, நேரில் பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒத்தரூபா

இஸ்திரி, சோப்புத் தண்ணீர், அழிரப்பர், பிளீச் எதுவும் கூடாது. பழைய நோட்டுத் தாளுக்கென்று இயல்பான ஒரு சொரசொரப்பு உண்டு, விரல் நுனியால் தடவினால் தெரியும். இஸ்திரி போட்டால் அது அமுங்கித் தாள் வழவழ என்று ஆகிவிடும். மடிப்பும் முழுசாகப் போகாது, தாளைச் சாய்த்துப் பிடித்தால் மடிப்பு இருந்த கோட்டில் மை உதிர்ந்த வெள்ளை தெரியும். பழகிய கண்ணுக்கு ஒரு நொடி போதும்.

நேரில் வாங்கும்போது நான் பார்க்கும் விதம் சொல்கிறேன். விற்பவரிடம் கேட்டு உறையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள், எடுக்க மறுத்தால் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள். ஓரத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்குங்கள். நீர்க்குறி (வாட்டர்மார்க்) தாளுக்குள்ளேயே நிழலும் வெளிச்சமுமாக இருக்க வேண்டும், மேலே அச்சடித்த மாதிரி கூர்மையாக இருந்தால் போலி. அதே வெளிச்சத்தில் ஊசி ஓட்டை, ஒட்டிய கிழிசல், மெலிந்துபோன இடம் எல்லாம் தானாகத் தெரியும். பிறகு தட்டையாகக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள், அழுத்திச் சரிசெய்த மடிப்பு மெல்லிய மேடாகக் காட்டிக்கொடுக்கும். நாலு மூலையும் கூராக இருக்கிறதா, ஓரத்தைக் கத்தரியால் வெட்டிச் சமன் செய்திருக்கிறார்களா என்று அதே வகை இன்னொரு நோட்டோடு வைத்து அளவு பாருங்கள். சின்ன புற ஊதா டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய தாள் பளீரென்று நீல வெள்ளையாக மின்னினால் யாரோ சலவை செய்திருக்கிறார்கள்.

வாங்க நல்ல இடம் நாணயக் கண்காட்சிதான். சென்னை, மதுரை, கோவை, திருச்சி என்று நடக்கும். முதல் தடவை பணம் அதிகம் எடுத்துப்போகாமல் சும்மா சுற்றிப் பாருங்கள், ஒரே நோட்டை மூன்று மேசையில் விலை கேளுங்கள், சந்தை நிலவரம் பிடிபடும்.

மதராஸ்வட்டம்

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். பட்ஜெட்டுக்கு அப்பாற்பட்டதாக இருந்தாலும் நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு பகுதியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

1861இல் வந்த காகிதப் பணச் சட்டத்துக்கு முன்னால் நோட்டு வெளியிட்டவை மாகாண வங்கிகள், நம் பக்கம் 1843இல் வந்த மெட்ராஸ் வங்கி. சட்டம் வந்ததும் அந்த உரிமை அரசாங்கத்துக்குப் போனது. அப்போது நோட்டு நாடு முழுவதும் செல்லாது, வட்டம் வட்டமாகப் பிரித்திருந்தார்கள். மெட்ராஸ் வட்டத்து நோட்டு மெட்ராஸ் வட்டத்தில்தான் சட்டப்படி செல்லும். திருச்சிராப்பள்ளி, கோழிக்கோடு, காக்கிநாடா பெயர்களிலும் துணை வட்டங்கள் இருந்தன. ஐந்து ரூபாய்க்கு இந்தக் கட்டுப்பாடு 1903இல் பர்மா தவிர மற்ற இடங்களில் தளர்ந்தது, பத்தும் ஐம்பதும் 1910இல், நூறு 1911இல். பின்னால் வந்த ஆறாம் ஜார்ஜ் நூறு ரூபாயில்கூட ‘மெட்ராஸ்’ என்று ஊர்ப் பெயர் அச்சிட்டிருக்கும், அதைத் தேடிப் பிடிப்பவர்கள் தனி ரகம்.

அந்தப் பழைய ஒருபக்க அச்சு நோட்டு கிடைத்தால் நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள். தபாலில் திருட்டுப் போகாமல் இருக்க நோட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்த பிறகு மறுபாதியை அனுப்புவார்கள். வாங்கியவர் ஒட்டிச் சேர்த்துக்கொள்வார். அந்த ஒட்டு சேதம் இல்லை, அது அந்த நோட்டு பயணம் போன அடையாளம். வள்ளி அக்கா கட்சிக்கு இது ஒரு ஓட்டு.

கடலில் மூழ்கி எழுந்த நோட்டும் உண்டு. 1918 ஜூலையில் ஷிராலா என்ற கப்பல் லண்டனிலிருந்து பம்பாய் வரும் வழியில் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த, இன்னும் கையெழுத்துப் போடாத ஐந்து, பத்து ரூபாய்க் கட்டுகள் இருந்தன. கரை ஒதுங்கியதில் பெரும்பகுதியை மீட்டு அழித்தார்கள், சில தனியார் கையில் தங்கிவிட்டன. அப்படித் தப்பிய இரண்டு பத்து ரூபாய் நோட்டு 2024இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது.

ஒத்தரூபா, ஒரு ரூபாய் என்று தொடங்கியவர் 1917ஐ விட்டுவிட்டீர்களே.

ஒத்தரூபா

விடவில்லை, தம்பியின் பையைப் பார்த்துத் தள்ளி வைத்தேன். முதல் உலகப் போரில் வெள்ளி தட்டுப்பாடு வந்ததால் 1917 நவம்பர் 30இல் முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது, ஐந்தாம் ஜார்ஜ் காலம். இருபத்தைந்து நோட்டுகளாகக் காசோலைப் புத்தகம் போலத் தைத்து வந்ததும் உண்டு. குப்பே, மெக்வாட்டர்ஸ், டென்னிங் என்று மூன்று கையெழுத்து. அதோடு வந்த இரண்டரை ரூபாய் நோட்டு, அதாவது இரண்டு ரூபாய் எட்டணா, சேகரிப்பாளர்களின் பெருங்கனவு. செலவு கட்டவில்லை என்று 1926 தொடக்கத்தில் ஒரு ரூபாயை நிறுத்திவிட்டு, அடுத்த போர் வந்ததும் 1940 ஆகஸ்டில் மறுபடி எடுத்தார்கள். அந்த நோட்டில் தேதி 1935 என்று இருக்கும், ஜே.டபிள்யூ. கெல்லி கையெழுத்து. சுதந்திரத்துக்குப் பிந்திய வரிசை கொஞ்சம் நிறைந்த பிறகு இந்தக் கெல்லியைத் தேடுங்கள், உங்களுக்கு எட்டாத உயரம் இல்லை.

நல்லூரான்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன், வணக்கம் அண்ணைமார். தமிழ் எழுத்து இருக்கும் நோட்டு என்ற கோணத்தில் சேர்த்தால் எங்கள் பக்கத்தையும் பாருங்கோ. 1942இல் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது இலங்கை அரசாங்கம் ஐந்து சதத்துக்கே நோட்டு அடித்தது. முத்திரை மாதிரிச் சின்னத் தாள், நடுவில் துளைக்கோடு, இரண்டு சதமும் மூன்று சதமுமாகக் கிழித்துக் கொடுக்கலாம். கிழிக்காமல் முழுசாக இருப்பதுதான் பெறுமதி. இங்கே சனம் அதைக் கிழித்துப் பாவிச்சது, அதனால் முழுத்தாள் காண்பது அருமை.

மதராஸ்வட்டம்

நல்லூரான் அண்ணன் சொன்ன கோணம் அருமை. அதே வரிசையில் தஞ்சைப் பெரிய கோயிலையும் சேருங்கள். 1954இல் திரும்ப வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் இருப்பது அந்தக் கோபுரம். 1978 ஜனவரியில் ஐயாயிரம், பத்தாயிரத்தோடு சேர்த்து அதையும் செல்லாததாக்கினார்கள். ஆயிரம் அப்போது பெரிய தொகை, திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தவர் குறைவு, அதுதான் இன்றைய விலைக்குக் காரணம். வாங்க முடியாவிட்டால் போய்ப் பார்க்கவாவது செய்யலாம். மும்பையில் ரிசர்வ் வங்கியின் அருங்காட்சியகம் இருக்கிறது. பெங்களூரில் ரெஸ்வான் ரசாக் காகிதப் பணத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார், நம் ஊரிலிருந்து ஒரு இரவுப் பயணம்தான்.

நம்பர்நாகா

பாதுகாக்கும் முறையை யாரும் விரிவாகச் சொல்லவில்லை. தயவுசெய்து ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் போட்டோ ஆல்பம் வேண்டாம். அந்த பிவிசி உறை நம் ஊர் வெயிலில் எண்ணெய் கசிந்து நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை கொஞ்சம் விலை அதிகம், ஆனால் பல வருடத்துக்கு ஒன்றும் ஆகாது. பீரோவை வெளிச்சுவரை ஒட்டிப் போட்டிருந்தால் மழைக்காலத்தில் ஈரம் ஏறித் தாளில் பழுப்புப் புள்ளி விழும், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். ரப்பர் பேண்ட், ஜெம் கிளிப், செலோடேப் மூன்றும் எதிரி. கடலோர ஊர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டுத் தர நிறுவனத்துக்கு அனுப்பி எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் வாங்கி மூடி வைப்பது இப்போது ஒரு மோகம். அதற்கு ஆகும் செலவைவிட நோட்டின் விலை பல மடங்கு இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

திண்டுக்கல்பூட்டு

எவ்வளவு விஷயம்! முடிவு செய்துவிட்டேன், ஒரு ரூபாய் வரிசை. கூடவே வள்ளி அக்கா சொன்ன பர்மா மேலச்சு நோட்டு ஒன்று, என் தேஷ்முக்குக்குத் துணையாக. முதல் மாதப் பணத்தில் பூதலிங்கம் கையெழுத்து வாங்கலாமா? தமிழர் என்பதால் ஒரு ஆசை.

ஒத்தரூபா

ஆசை நியாயம்தான், ஆனால் பூதலிங்கம் இரண்டாவது மாதம் வரட்டும். முதலில் மாண்டேக் சிங், வெங்கிடரமணன், மன்மோகன் சிங் மூன்றையும் ஒரு மடிப்பும் இல்லாத புதுத்தாளாக வாங்குங்கள், பெரிய செலவு ஆகாது. வெங்கிடரமணன் நாகர்கோவிலில் பிறந்தவர், ஆக உங்கள் ஆசையும் பாதி நிறைவேறும். அந்த மூன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கண் மட்டத்தில் வைத்துப் பார்த்து, நல்ல தாள் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்குங்கள். அடுத்து அறுபதுகளின் நோட்டை யாராவது ‘புதுசு சார்’ என்று நீட்டும்போது உண்மையா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். வாங்கும் ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், விலை, எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து, எண் எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வாங்கியதும் இரண்டு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

காரைக்குடிவள்ளி

மேலச்சு நோட்டு என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது தம்பி, நடுவில் மடிப்பு உண்டு. வாங்கிய விலைக்கே தருகிறேன், தனிச் செய்தி அனுப்புங்கள்.